உத்தியோகத்தில் இருப்பவருக்குத் தொண்டு எதற்கு?

திருவிடைமருதூரிலும், காவிரியும் வீரசோழனும் பாயும் சுற்றுக் கிராமங்களிலும், பிளஸ் டூ முடித்த கையோடு வைத்தியப் படிப்புக்கு இடம் கிடைக்காமற்போய், நர்ஸிங்கோ லேப் டெக்னீஷியன் டிப்ளமாவோ படித்து, கும்பகோணத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் இரவு ட்யூட்டி பகல் ட்யூட்டி என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே, டவுன் பஸ்ஸில் நீட் புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படித்துவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீட் எழுத இருபத்தைந்து வயது என்றிருந்த உச்சவரம்பு 2022-ல் நீக்கப்பட்டது முதல் அவர்களுடைய நம்பிக்கைக்கும் ஆயுள் கூடியிருக்கிறது. ஓய்வு வேளையில் ஏதேனும் தொண்டு செய்யலாமே என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், "நாள் முழுக்க நோயாளிங்களோடதானே கிடக்கிறோம், அதுக்கு மேல என்னங்க தொண்டு?" என்று பதில் வருகிறது. இதில் நியாயம் இருக்கிறது. முழு நியாயமும் இருக்கிறதா என்பதே விசாரிக்கத்தக்கது.

சட்டப்படி அவர்களுக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணே அளவுகோல். தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு உண்டே தவிர, தொண்டுக்கென்று அரை மதிப்பெண்ணும் கிடையாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்திலோ பதினைந்து அனுபவங்கள் வரை எழுத இடமிருப்பதால், அங்கே ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவர்கூடச் சம்பளமில்லாத சேவையையும் காட்டியாக வேண்டுமோ என்று விசாரப்படுகிறார். நம் பக்கத்திலும் மனோபாவத்தைச் சோதித்து மாணவரைச் சேர்த்த ஓர் ஸ்தாபனம் இருந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்து, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நேரில் வரவழைத்து, குழுவாகச் சேர்ந்து காரியம் செய்யவிட்டு, பேட்டி கண்டு, அதன் பிறகே தேர்ந்தெடுத்து வந்தது. நீட் கட்டாயமானபோது 2017-ல் நூறு இடங்களில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துக்கொண்டு வழக்காடியது. சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்துமென்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

விதியை விட்டு விஷயத்துக்கு வருவோம். சர்க்கரை நோயால் காலில் புண் வந்த ஒரு விவசாயக் கூலிப் பெண், காலை எட்டு மணிக்கு வந்து டிரெஸ்ஸிங் அறைப் பெஞ்சில் உட்காருகிறாள். பழைய பஞ்சு காய்ந்து புண்ணோடு ஒட்டியிருக்க, சலைன் ஊற்றி ஊறவைத்து, தோல் பிய்யாமல் அதை எடுத்து, மருந்து வைத்துப் புதுக் கட்டுப் போட்டு, "தண்ணி படாம பாத்துக்குங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறான், டாக்டராகக் கனவு காணும் அந்த இளைஞன். மூன்றாம் நாள் அவள் வருகையில் கட்டு முழுவதும் சேறு. கண்டித்தால், "நடவு நாள்ல எறங்காம இருந்தா யாரு தம்பி கூலி குடுப்பா?" என்கிறாள். அடுத்த சீட்டைக் கூப்பிட்டாக வேண்டியிருப்பதால், அதற்கு மேல் அவன் அறிய வழியில்லை. அவள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்து பேசியிருந்தால், அவள் கணவர் படுக்கையில் கிடப்பதும், மாத்திரை தீர்ந்து பத்து நாளானதும், "மக்களைத் தேடி மருத்துவம்" என்று 2021-ல் அரசு தொடங்கிய திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும் என்பது அவளுக்குத் தெரியாததும் அவனுக்குத் தெரியவந்திருக்கும்.

உத்தியோகம் நோயைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறது. கை நடுங்காமல் இருக்கவும், ரத்தத்தைக் கண்டு மிரளாமல் இருக்கவும், துர்வாசனையில் முகம் சுளிக்காமல் இருக்கவும் அது கற்பிப்பதைப் போல வேறெதுவும் கற்பிப்பதில்லை. சம்பளம் வாங்குவதனால் அந்தச் சிரத்தை ஒரு குன்றிமணியளவும் குறைந்துவிடாது. அந்தச் சொற்பச் சம்பளத்தில் தம்பி தங்கைகளின் பள்ளிச் செலவையும் தாங்கும் பெண்ணிடம், இலவசமாகவும் உழைத்தால்தான் உன் காருண்யத்தை நம்புவேன் என்று சொல்வது அதர்மம் என்றே நான் நினைக்கிறேன். தொண்டுக்கு மதிப்பெண் கொடுக்கலாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கொடுத்தால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முத்திரை குத்திய சான்றிதழ்களை அடுக்கிக் கொண்டுவருவார்கள். இரவு ட்யூட்டி முடித்துத் தூங்கப்போன பிள்ளை பின்தங்கிவிடும்.

ஆனாலும், யூனிபாரமும் அதிகாரமும் இல்லாமல் நோயாளியின் வீட்டுக்குள் நுழையும் அனுபவம், ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் கிட்டாத ஒன்று. தேசிய மருத்துவ ஆணையமே இப்போது எம்.பி.பி.எஸ். மாணவர்கள் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனித்துவர வேண்டுமென்று பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கிறது. டாக்டராகப் போகிறவருக்கு அது அவசியம் என்றால், இதே மண்ணில் பிறந்து இதே ஜனங்களின் பேச்சை அறிந்த பிள்ளைகள் அதை முன்கூட்டியே தொடங்குவதில் பாதகமில்லை. ஆஸ்பத்திரியில் செய்வதையே வெளியிலும் செய்ய வேண்டாம். ஊசி போடவோ மருந்து சொல்லவோ அங்கே போகவும் கூடாது. கண் சிகிச்சை முகாமுக்குத் தனியாக வரும் முதியவரைக் கைப்பிடித்து அழைத்துப்போய், ஆபரேஷன் முடிந்த மறுவாரம் வீட்டுக்குப் போய் விசாரித்துவரலாம். தைப்பூசத் தீர்த்தவாரிக்குக் காவிரித் துறையில் கூடும் கூட்டத்தில், மயங்கிவிழுபவரை நிழலில் கிடத்திப் பார்த்துக்கொள்ளலாம். தெருவில் படுத்த படுக்கையாக உள்ள ஒருவரை மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து, அவரைப் பராமரிக்கும் மருமகளின் குறையையும் கேட்டு வரலாம். பரீட்சை நெருங்கும் மாதங்களில் இதையும் நிறுத்திவைத்தால் தோஷமில்லை.

தனியார் ஆஸ்பத்திரி நிர்வாகிகளிடம் ஒரு விக்ஞாபனம். நீட் எழுதப்போகும் ஊழியர்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ட்யூட்டி போடாமல், அன்றைய சம்பளத்தையும் பிடிக்காமல் விட்டால், மேலே சொன்ன காரியங்களில் பாதி தானே நடந்துவிடும்.