பசை விட்டுப்போன விமானம்

1944-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், நேச நாட்டுக் குண்டு விமானங்கள் இரவு பகலென்று பாராமல் நகரங்களைத் தகர்த்துக்கொண்டிருக்க, அலுமினியமும் பெட்ரோலும் அநுபவம் வாய்ந்த விமானிகளும் ஒருசேர அருகிப்போயிருந்த ஜெர்மனி, பெரும்பகுதி மரத்தால் மலிவாகச் செய்யத்தக்கதும் ஒரே ஜெட் யந்திரம் பூட்டியதுமான சண்டை விமானம் ஒன்றை உடனே தரும்படி தன் விமானக் கம்பெனிகளைக் கேட்டது. 'ஃபோக்ஸ்யேகர்', அதாவது மக்களின் சண்டை விமானம், என்று பெயர். கிளைடரில் சொற்ப காலம் பழகிய ஹிட்லர் இளைஞர் படைப் பையன்களே அதை ஓட்டிவிடுவார்கள் என்பது மேலிடத்தின் மனோராஜ்யம். சண்டை விமானப் பிரிவின் தளபதி அடால்ஃப் கல்லாண்ட் இதை எதிர்த்தார், விமானப்படைத் தலைவர் கோரிங்கும் ஆயுத மந்திரி ஷ்பேரும் ஆதரித்தார்கள், எதிர்ப்பு எடுபடவில்லை.

ஹைங்கல் கம்பெனி தயாரித்த 'ஹைங்கல் 162', மூன்று மாதம் நிறையுமுன்பே, டிசம்பர் 6-ந் தேதி, வியன்னாவை அடுத்த ஷ்வேகாட்டில் ஆகாயமேறியது. முன்சக்கரத்தின் மூடி ஒன்று பசை விட்டுக் கழன்று விழுந்ததே அன்றைய சகுனம். நான்கு நாள் கழித்து அதிகாரிகள் அண்ணாந்து பார்த்திருக்க, கோட்ஹோல்ட் பேட்டர் என்னும் விமானி அதே விமானத்தைத் தாழ்வாகவும் வேகமாகவும் செலுத்தியபோது, இறக்கையின் முன்விளிம்பு பிய்ந்துபோக, விமானம் புரண்டு விழுந்து, அவர் மாண்டார். இதற்கும் பசைதான் காரணம்: நல்ல பசை செய்த வூப்பர்டால் தொழிற்சாலை முன்பே குண்டுவீச்சில் அழிந்திருந்தது. பதிலுக்கு வந்த பசையிலோ அமிலம் மிகுதி. வஜ்ரப் பசை காயுமுன் நாற்காலியில் உட்காராதே என்று எந்தத் தச்சனும் சொல்வான். இங்கே காய்ந்த பின்பும் பசையே மரத்தை அரித்தது.

இத்தனைக்கும் அது சோப்ளாங்கி யந்திரமல்ல. 6,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பாயும். கைக்கு லேசாக அடங்கும் என்று, பின்னால் அதை ஓட்டிப் பார்த்த பிரிட்டிஷ் விமானி எரிக் பிரவுன் மெச்சியிருக்கிறார். யந்திரத்தை முதுகின்மேல் ஏற்றியதால் அதைக் கழற்றி மாட்டுவது சுலபமாயிற்று. ஆனால் விமானிக்குப் பின்புறம் தெரியாது போயிற்று. மேலும், பாராசூட்டுடன் எழுந்து குதிப்பவன் நேரே யந்திரத்தின் வாய்க்குள் போய்விடக்கூடும் என்பதால், வெடிமருந்தின் விசையால் ஆளோடு வெளியே பாயும் ஆசனம் பொருத்தவேண்டி வந்தது. எரிபொருளோ சுமார் அரைமணி நேரத்துக்குத்தான். விமானத்தின் ஆட்டத்தை அடக்க, இறக்கை நுனிகளைக் கீழ்நோக்கி வளைத்து ஒட்டுப்போட்டார்கள். விமானியோ சுக்கானைச் சற்றும் முரட்டுத்தனமாக மிதிக்கலாகாது. கைதேர்ந்தவனிடமும் நிதானம் கேட்கும் இந்தக் குதிரையைச் சிறுவர் கையில் கொடுக்க நினைத்ததைத்தான் நான் பெருங்குற்றமென்பேன். அதனினும் பெரியது ஒன்றுண்டு: ஹின்டர்புரூல் என்னும் இடத்துச் சுரங்கத்தில் வதைமுகாம் கைதிகளை வைத்து இதன் உடற்பகுதிகளைச் செய்தது.

1945 மே மாதம் பிரிட்டிஷ் படை ஜெர்மனியின் வடகோடியிலுள்ள லெக் விமானத்தளத்தில் நுழைந்தபோது, அங்கே இந்த விமானங்கள் வரிசையாக நிறுத்தி ஒப்படைக்கப்பட்டன. அவ்வருஷம் நவம்பரில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு கண்காட்சியில், சுக்கான் விஷயத்தில் பிரவுனின் எச்சரிக்கையைக் கேட்டிருந்த சகா ஒருவர் அவற்றிலொன்றை ஓட்டினார். வால்பகுதி ஒடிந்து விமானம் விழுந்தது, அவரும் இறந்தார்.