திரியானோன் உடன்படிக்கையும் அப்பொன்யி பிரபுவும்

முதலாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஹங்கேரி, 1920ஆம் ஆண்டு யூன் 4ஆம் நாள், வேர்செயில்ஸ் பூங்காவிலுள்ள திரியானோன் மாளிகையில் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டது. அதனால் அந்நாடு தன் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. திரான்சில்வேனியா ரூமேனியாவுக்கும், வடக்கு மலைநாடு செக்கோசிலோவாக்கியாவுக்கும், தென்புலம் பின்னர் யூகோசிலாவியா எனப் பெயர்பெற்ற அரசுக்கும், மேற்கோரத்துச் சிறுபகுதி ஒஸ்திரியாவுக்கும் சென்றன. படையினர் தொகை 35,000க்கு மேற்படலாகாது என்றும் விதிக்கப்பட்டது.

ஒவ்வோர் இனமும் தன் வாழ்வைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது வெற்றியாளர் முழங்கிய கொள்கை. ஸ்லோவாக்கியரும் ரூமேனியரும் நெடுநாள் வேண்டி நின்றது அதுவே. ஆயினும் எல்லைக்கோடு மொழியெல்லையோடு நிற்கவில்லை. சத்மார், நாகிவாராட், அராட் ஆகிய நகரங்களை இணைக்கும் புகையிரதப் பாதை ரூமேனியாவுக்குக் கிடைக்கவேண்டுமென்று, ஹங்கேரியர் மிகுந்த ஊர்களும் அதனோடு சேர்க்கப்பட்டன. இவ்வாறு ஏறத்தாழ 30 இலட்சம் ஹங்கேரியர், இருந்த ஊரில் இருந்தபடியே அயல்நாட்டுக் குடிகளாயினர்.

இந்த நிலை வருமுன்னரே, 1920 சனவரி 16ஆம் நாள், பாரிஸ் மாநாட்டில் ஹங்கேரிக்காக வாதாடியவர் அல்பேட் அப்பொன்யி பிரபு. பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலியம் ஆகிய மும்மொழிகளிலும் உரையாற்றிய அம்முதியவர், அவ்வப்பகுதி மக்களின் விருப்பத்தை வாக்கெடுப்பால் அறியுமாறு வேண்டினார். அவரது நாவன்மையைப் பலரும் மெச்சினர்; வேண்டுகோளை ஏற்றாரில்லை. பின்னர் 1921 டிசெம்பரில் சொப்ரொன் நகரிலும் அதன் அயற்கிராமங்களிலும் மட்டும் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. ஜேர்மன் மொழியினர் பெருந்தொகையாய் வாழ்ந்த அந்நகரும் அயலும், ஏறத்தாழ 65 வீத வாக்குகளால் ஒஸ்திரியாவை விடுத்து ஹங்கேரியையே தேர்ந்தன. மக்களைக் கேட்டால் விடை எவ்வாறிருக்கும் என்பதை வரைபடம் மட்டும் சொல்லிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால், அப்பொன்யி பிரபுவின் முந்திய வரலாற்றையும் நாம் மறத்தலாகாது. பழைய ஹங்கேரியில் ஏறக்குறையப் பாதிப்பேர் வேற்றுமொழியினர். 1868ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு வழங்கிய மொழியுரிமைகள் நடைமுறையில் தேய்ந்தன. 1907இல் கல்வியமைச்சராயிருந்த அப்பொன்யி கொணர்ந்த சட்டமோ, வேற்றுமொழிப் பிள்ளைகளும் நான்காண்டுக் கல்வியில் ஹங்கேரிய மொழியிற் பேசவும் எழுதவும் வல்லராதல் வேண்டுமென விதித்தது. ஆசிரியர்க்கு அரசு வழங்கிய உதவிச் சம்பளமும் இத்தகைய நிபந்தனைகளுக்கு உட்பட்டது. ஸ்லோவாக்கியரும் ரூமேனியரும் எழுப்பிய குரலை அன்று அவர் செவிமடுத்திலர்.

காலச்சக்கரம் சுழன்றது. 1872இல் கொலொஸ்வார் நகரில் நிறுவப்பட்ட ஹங்கேரியப் பல்கலைக்கழகம் 1919இல் ரூமேனியர் கைக்கு மாறியது. புலம்பெயர்ந்த அக்கல்விக்கூடம் 1921இல் செகெட் நகரில் நிலைகொண்டது. தாய்மொழிப் பள்ளிக்காக மன்றாடுவது இப்போது ஹங்கேரியரின் முறையாயிற்று.

1938இலும் 1940இலும் ஜேர்மனியும் இத்தாலியும் வழங்கிய தீர்ப்புகளால் இழந்த நிலத்திற் சில பகுதிகள் மீண்டன. ஆனால் ஹிட்லரின் பக்கம் நின்று ஹங்கேரி மறுபடியும் போரிற் தோற்றது. 1947இன் பாரிஸ் உடன்படிக்கை ஏறக்குறையப் பழைய எல்லைகளையே நிலைநாட்டியது.

பாரிஸில் அப்பொன்யி கேட்டது நியாயமே. அதே நியாயத்தை அவர் 1907இல் பிறர்க்கு வழங்கியிருப்பாராயின், அவருடைய வாதம் இன்னும் வலிவுற்றிருக்கும். ஆளும் நாளிற் பிறர் மொழிக்கு அளிக்கும் மதிப்பே, ஆளப்படும் நாளில் நம் மொழிக்கு நாம் கோரும் உரிமைக்குத் தக்க சாட்சியாகும்.