ஐப்பசிக்கு வீட்டை அலங்கரிக்க கார்டைத் தேய்க்கணுமா?

இன்ஸ்டாவைத் திறந்தாலே ஆரஞ்சு கலர் மேப்பிள் இலை மாலை, பூசணிக்காய் மெழுகுவர்த்தி. திண்டிவனத்துல ஏதுங்க மேப்பிள்? நமக்குப் புரட்டாசி போனா ஐப்பசி மழைதான். ஆனா போன வருஷம் நானும் ஆஃபரைப் பார்த்து மயங்கி கார்டைத் தேய்ச்சேன். அப்புறம் மாசாமாசம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன்.

கணக்கைப் பாருங்க. 6,000 ரூபாய் பாக்கி நின்னா, மாசம் 3.5% வட்டியே 210 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 248.

இந்தத் தடவை விழுப்புரம் பக்கம் அய்யங்கோவில்பட்டுல அகல் விளக்கு வாங்கினேன், கையில இருந்த காசுக்கு. மழை பிடிச்சா மண் காயாது, அதனால சீக்கிரமே போயிடுங்க. அகலமான தட்டுல தண்ணி, சாமந்தி, நடுவுல விளக்கு, வாசல்ல மாவிலை. அவ்ளோதான்.

வர்றவங்களுக்கு சாலட். டிரெஸ்ஸிங்னு பாட்டில் வாங்காதீங்க, நம்மூர் மல்லாட்டை இருக்கு. டிஎம்வி 7னு ஒரு கடலை ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த டிஎம்வி திண்டிவனம்தான், இங்க எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கு. வறுத்துத் தோல் நீக்கின கடலை ஒரு கைப்பிடி, அரை மூடி எலுமிச்சை, ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி, உப்பு. தண்ணி விட்டு அரைச்சா ரெடி. வெள்ளரி, கேரட் மேல சாப்பிடறப்போதான் ஊத்தணும். முன்னாடியே ஊத்தினா காய் தண்ணி விட்டுடும்.

அந்த மேப்பிள் மாலையா? பரண்ல கிடக்கு. கார்டு பாக்கி இந்த மாசம்தான் முடியுது.