டிஸ்னிலேண்ட் சுரங்க ரயில்: மாறிய சவாரியும் சிறுவயது நினைவுகளும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அனாஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் 1956 முதல் 1977 வரை ஒரு சுரங்க ரயில் ஓடியது. பாலைவனம், காடு, நீர்வீழ்ச்சி, வண்ணக் குகை ஆகியவற்றின் வழியே மெதுவாகச் சென்ற இந்தச் சவாரி பிற்காலத்தில் ‘மைன் ட்ரெய்ன் த்ரூ நேச்சர்ஸ் வொண்டர்லேண்ட்’ என்று அழைக்கப்பட்டது. ‘இயற்கையின் அதிசய உலகம் வழியே சுரங்க ரயில்’ என்பது அதன் பொருள். இன்று அந்த இடத்தில் ‘பிக் தண்டர் மவுண்டன் ரெயில்ரோடு’ என்ற வேகமான உருள்வண்டி (ரோலர் கோஸ்டர்) ஓடுகிறது.

பழைய ரயிலில் சிறுவயதில் சென்றவர்கள் இன்று முதுமையை எட்டிவிட்டனர் அல்லது நெருங்கிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் அதே பூங்காவுக்குத் திரும்பிச் சென்றாலும் அந்தப் பயணத்தை மீண்டும் செய்ய முடியாது. சவாரி ஏன் மாறியது, மாற்றத்தில் எது மிஞ்சியது, இடம் மாறிய பிறகு நினைவு என்ன ஆகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

டிஸ்னிலேண்டை உருவாக்கிய வால்ட் டிஸ்னி ரயில்கள் மீது பெரும் ஆர்வம் கொண்டவர். 1950இல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஆட்கள் அமர்ந்து செல்லக்கூடிய சிறிய நீராவி ரயில் ஒன்றை ஓட்டினார். தம் மனைவி லில்லியனின் பெயரையொட்டி அதன் எஞ்சினுக்கு ‘லில்லி பெல்’ என்று பெயரிட்டார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது பூங்காவைச் சுற்றிவரும் நீராவி ரயிலும் அன்றே ஓடத் தொடங்கியது.

அடுத்த ஆண்டு, 1956 ஜூலை 2 அன்று, பூங்காவின் ‘ஃப்ரன்டியர்லேண்ட்’ பகுதியில் சுரங்க ரயில் தொடங்கப்பட்டது. அமெரிக்க மேற்குப் பகுதியில் பொன்னும் வெள்ளியும் தேடிச் சென்றவர்களின் காலத்தை நினைவூட்டும் பகுதி இது. அப்போது சவாரியின் பெயர் ‘ரெயின்போ கேவர்ன்ஸ் மைன் ட்ரெய்ன்’. வானவில் குகைகளுக்குச் செல்லும் ரயில் என்று இதைக் கொள்ளலாம். ரயில் புறப்படும் இடத்தில் ‘ரெயின்போ ரிட்ஜ்’ என்ற சுரங்கத் தொழிலாளர் சிற்றூர் சிறிய அளவில் அமைக்கப்பட்டிருந்தது.

1959இல் மூடப்பட்ட இச்சவாரி விரிவாக்கப்பட்டு, 1960 மே 28 அன்று புதிய பெயருடன் மீண்டும் திறக்கப்பட்டது. டிஸ்னி நிறுவனம் 1948 முதல் தயாரித்துவந்த ‘ட்ரூ-லைஃப் அட்வெஞ்சர்ஸ்’ என்ற இயற்கை ஆவணப்பட வரிசையே விரிவாக்கத்துக்கு அடிப்படையாக இருந்தது. ‘பீவர் வேலி’, ‘பேர் கன்ட்ரி’, ‘தி லிவிங் டெசர்ட்’ ஆகிய படங்களின் பெயர்களே சவாரியின் பகுதிகளுக்கும் சூட்டப்பட்டன. திரையரங்கில் பார்த்த கரடிகளையும் நீர்நாய் போன்ற பீவர்களையும் குழந்தைகள் ரயிலில் அமர்ந்தபடி இங்கே பார்த்தனர்.

பயணத்தின் அமைப்பு

ரெயின்போ ரிட்ஜிலிருந்து புறப்படும் ரயில் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வரும். பிறகு அணை கட்டும் பீவர்களையும், மரத்தில் முதுகைத் தேய்க்கும் கரடிகளையும், ‘காஸ்கேட் பீக்’ என்ற செயற்கைக் குன்றிலிருந்து விழும் அருவியையும் கடந்து செல்லும். அடுத்து வருவது பாலைவனம். ஆள் உயரத்துக்கும் மேலான கள்ளிச் செடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக நின்று ஆடும் பாறைகள், கொப்பளிக்கும் வண்ணச் சேற்றுக் குழிகள், வெந்நீர் ஊற்று ஆகியவை அங்கே இருந்தன. வழியெங்கும் 200க்கும் மேற்பட்ட இயந்திர விலங்குகள் வைக்கப்பட்டிருந்தன.

பயணம் வானவில் குகையில் முடிவுறும். ஓவியர் கிளாட் கோட்ஸ் வடிவமைப்பில் பங்கேற்ற இந்தக் குகையில், சாயம் கலந்த நீர் பல நிறங்களில் அருவிகளாக விழுந்தது. புறஊதா விளக்கொளியில் அந்த நீர் இருட்டில் ஒளிர்ந்தது. வெயிலிலிருந்து திடீரென இருட்டுக்குள் நுழைந்து, நிறங்கள் மட்டுமே தெரியும் இடத்துக்கு வந்து சேர்வதே பயணத்தின் உச்சம்.

ரயிலுடன் ஒரு குரலும் வந்தது. வழியில் காண்பவற்றை வேடிக்கையாக விவரிக்கும் முதிய சுரங்கத் தொழிலாளியின் குரல் அது. பல கார்ட்டூன் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த டாலஸ் மெக்கெனன் அதைப் பேசியிருந்தார்.

சவாரியின் முக்கியப் பண்பு அதன் மெதுவான வேகம். திடீர் இறக்கமோ கூர்மையான வளைவோ இல்லை. பாட்டியும் பெற்றோரும் சிறு குழந்தையும் ஒரே பெட்டியில் அமர்ந்து, விரல் நீட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே செல்லலாம். அதனால் பலருடைய நினைவில் கரடியும் குகையும் தனியாக இல்லை. பக்கத்தில் அமர்ந்திருந்தவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

ஏன் மாற்றப்பட்டது?

1970களில் கேளிக்கைப் பூங்காக்களின் போக்கு மாறியது. குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம் உருள்வண்டிகளின் வடிவமைப்பையே மாற்றியிருந்தது. அத்தகைய தண்டவாளம் கொண்ட ‘மேட்டர்ஹார்ன்’ சவாரியை டிஸ்னிலேண்ட் 1959லேயே தொடங்கியிருந்தது. 1975இல் அருகிலுள்ள பியூனா பார்க் நகரின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் பயணிகளைத் தலைகீழாகச் சுழற்றும் ‘கார்க்ஸ்க்ரூ’ வந்தது. 1976இல் வலென்சியாவிலுள்ள மேஜிக் மவுண்டன் பூங்காவில் முழு வட்டமாகச் சுழலும் ‘ரெவலூஷன்’ வந்தது. டிஸ்னிலேண்டில் 1977 மே மாதம் ‘ஸ்பேஸ் மவுண்டன்’ திறக்கப்பட்டது.

இந்தச் சூழலில், பெரிய நிலப்பரப்பை எடுத்துக்கொண்டு மெதுவாக ஓடிய ரயில் பழமையானதாகத் தோன்றியது. அதே நிலப்பரப்பில் இயங்கிவந்த கோவேறு கழுதைச் சவாரி 1973இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. ‘நேச்சர்ஸ் வொண்டர்லேண்ட்’ ரயிலின் கடைசி நாள் 1977 ஜனவரி 2. அதன் இடத்தில் 1979 செப்டம்பர் 2 அன்று ‘பிக் தண்டர் மவுண்டன் ரெயில்ரோடு’ திறக்கப்பட்டது.

புதிய சவாரியை வடிவமைப்பதில் முதன்மைப் பங்காற்றியவர் டோனி பேக்ஸ்டர். இவர் பதின்ம வயதில் டிஸ்னிலேண்டிலேயே ஐஸ்கிரீம் விற்கும் வேலையில் சேர்ந்து, பின்னர் வடிவமைப்பாளரானவர். யூட்டா மாநிலத்தின் பிரைஸ் கேன்யன் பாறைத் தூண்களை மாதிரியாகக் கொண்டு செம்மண் நிற மலை எழுப்பப்பட்டது. கட்டுப்பாட்டை இழந்து ஓடும் சுரங்க ரயில் என்பதே அதன் கதை.

மாற்றத்தில் மிஞ்சியவை

பழைய சவாரி முற்றிலும் துடைத்தெடுக்கப்படவில்லை. ரெயின்போ ரிட்ஜ் சிற்றூர் புதிய சவாரியின் பகுதியாக வைத்துக்கொள்ளப்பட்டது. உருள்வண்டி நிலையத்துக்குத் திரும்பும்போது அந்தச் சிறிய வீடுகளைக் கடந்தே வருகிறது. புதிய சவாரியின் தொடக்கத்தில் வரும் இருண்ட குகையில் ஒளிரும் நீர்க்குட்டைகள் உள்ளன. பழைய வானவில் குகையை அறிந்தவர்களுக்கு அது உடனே நினைவுக்கு வரும். ரயில் புறப்படும் முன் தொப்பியையும் கண்ணாடியையும் பிடித்துக்கொள்ளுமாறு எச்சரிக்கும் குரலும் டாலஸ் மெக்கெனனுடையதே.

ஆற்றங்கரையோரத்தில் பழைய சுரங்கப்பாதை ஒன்றும், கவிழ்ந்து கிடப்பதுபோல் வைக்கப்பட்ட பழைய ரயிலும் நீண்ட காலம் காணக் கிடைத்தன. காஸ்கேட் பீக் குன்று 1998இல் இடிக்கப்பட்டது. கரையிலிருந்த ரயில் 2010இல் அகற்றப்பட்டது. 2013–14இல் நடந்த புதுப்பிப்புப் பணியின்போது ரெயின்போ ரிட்ஜும் சீரமைக்கப்பட்டது. இவ்வாறு எச்சங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன அல்லது புதுப்பொலிவு பெற்றன.

ஒரு முக்கியமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. புதிய சவாரியில் ஏற 40 அங்குல (சுமார் 102 செ.மீ.) உயரம் தேவை. அதைவிடச் சிறிய குழந்தை ஏற முடியாது. அதனுடன் பெரியவர் ஒருவரும் வெளியே நிற்க வேண்டும். முதுகுவலியோ இதய நோயோ உள்ள தாத்தா பாட்டியும் இத்தகைய சவாரியைத் தவிர்ப்பார்கள். முன்பு மூன்று தலைமுறைகளை ஒன்றாக ஏற்றிச் சென்ற இடம், இப்போது ஒரே குடும்பத்தை ஏறுபவர்கள், காத்திருப்பவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறது. பழைய ரயிலுக்காக ஏங்குபவர்கள் இழந்தது இந்தச் சேர்ந்திருத்தலையும்தான்.

இடம் மாறும்போது நினைவு என்ன ஆகிறது?

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த நிழற்படம் போன்றதன்று. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். தமக்குப் பழக்கமில்லாத நாட்டுப்புறக் கதை ஒன்றைப் படித்தவர்கள், அதைத் திரும்பச் சொல்லும்போது தமக்குப் பழக்கமான முறையில் மாற்றிச் சொன்னார்கள். நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மனம் நிகழ்வை மீண்டும் கட்டுகிறது என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து.

டிஸ்னிலேண்டையே வைத்து இது சோதிக்கப்பட்டுள்ளது. கேத்ரின் பிரான், ரியானன் எல்லிஸ், எலிசபெத் லாஃப்டஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், டிஸ்னிலேண்டில் ‘பக்ஸ் பன்னி’ முயலைச் சந்திப்பதாகக் காட்டும் போலி விளம்பரம் ஒன்றைச் சிலருக்குக் காட்டினர். பக்ஸ் பன்னி போட்டி நிறுவனமான வார்னர் பிரதர்ஸின் பாத்திரம். அது டிஸ்னிலேண்டில் இருக்க வாய்ப்பே இல்லை. ஆயினும் விளம்பரத்தைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர், சிறுவயதில் அங்கே அந்த முயலின் கையைக் குலுக்கியதாகக் கூறினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டதும் பார்த்ததும் அவர்களுடைய நினைவோடு கலந்துவிட்டன.

சுரங்க ரயிலுக்கும் இது பொருந்தும். 1965இல் 6 வயதில் அந்த ரயிலில் சென்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். குழந்தையின் கண் உயரத்திலிருந்து பார்த்ததால் குன்று அவர் நினைவில் மிகப் பெரிதாக இருக்கும். பின்னர் புதிய சவாரியிலும் சென்றிருந்தால், இரண்டு குகைகளும் மனத்தில் ஒன்றாகக் கலந்திருக்கக் கூடும். அக்காவுக்கு நினைவிருப்பது அருவி, தம்பிக்கு நினைவிருப்பது கரடி என்றால், யார் சொல்வது சரி என்று நேரில் சென்று பார்க்கவும் இயலாது.

இடம் அப்படியே இருந்தால் அது நினைவுக்குச் சாட்சியாக நிற்கும். இடம் மறையும்போது அந்தச் சாட்சி இல்லாமல் போகிறது. அதனால்தான் சிறிய எச்சங்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஒரு வீட்டின் முகப்போ, பழக்கமான குரலோ கிடைத்தால், ‘ஆம், இது இங்கே இருந்தது’ என்று உறுதிசெய்துகொள்ள முடிகிறது.

ஒப்பிடத்தக்க பிற ரயில்கள்

நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் 1960இல் பட் ஹர்ல்பட் உருவாக்கிய ‘காலிகோ மைன் ரைடு’ இன்றும் ஓடுகிறது. 2014இல் அதன் உருவங்கள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் சுரங்கத்தின் வழியே மெதுவாகச் செல்லும் பயணம் என்ற அடிப்படை மாறவில்லை.

டிஸ்னிலேண்டைச் சுற்றிவரும் நீராவி ரயில் வேறுவகை எடுத்துக்காட்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ பகுதியின் கட்டுமானத்துக்காக 2016 ஜனவரியில் நிறுத்தப்பட்ட அந்த ரயில், 2017 ஜூலை 29 அன்று மாற்றிய பாதையில் மீண்டும் ஓடியது. ஆற்றோரப் பகுதி மாறினாலும், 1958இல் அமைக்கப்பட்ட கிராண்ட் கேன்யன் காட்சியும், 1966இல் சேர்க்கப்பட்ட டைனோசர் காட்சியும் தொடர்ந்து இருந்தன. தாத்தா பார்த்த அதே டைனோசரைப் பேரனும் பார்க்க முடிந்தது.

நினைவைப் பாதுகாத்தல்

பூங்காக்கள் மாறுவதைத் தடுக்க முடியாது. மாறாமலிருந்தால் புதிய தலைமுறைக்கு அங்கே இடம் இருக்காது. 1979இல் திறந்த உருள்வண்டியில் முதன்முதலில் ஏறிய குழந்தைகளும் இன்று நடுத்தர வயதைக் கடந்துவிட்டனர். அவர்களுடைய சிறுவயது அந்தச் செம்மண் மலையில் இருக்கிறது. நாளை அதுவும் மாறினால் அவர்களும் இதே இழப்பை உணர்வார்கள்.

எனவே முழுவதையும் காப்பதைவிட, முந்தைய காலத்தின் சில அடையாளங்களையாவது விட்டுவைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. சவாரிகளை மாற்றுபவர்கள் செய்ய வேண்டியது இது. அவற்றில் சென்றவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. குடும்பப் படங்களில் ஆண்டையும் இடத்தையும் குறித்து வைக்கலாம். உடன் வந்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். தண்டவாளம் அகற்றப்பட்ட பிறகும், அன்று யார் பக்கத்தில் அமர்ந்திருந்தார் என்பதை அந்தக் குறிப்பு சொல்லும்.