துள்ளும் வண்டி, தடுமாறும் பையன்

எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டும் பெற்றோர் ஸ்பிரிங்கை மறந்துவிடுகிறார்கள். மண் தடத்தில் இறங்கும் இளம் பந்தய வீரர்களின் எடைக்கும் ஓட்டும் பாணிக்கும் ஏற்ப சஸ்பென்ஷனை அமைப்பது தனிக் கலை. அதில் கொஞ்சம் கணக்கும் உண்டு.

பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தில் ஷாக் அப்சார்பருக்கு ஓய்வே கிடையாது. மல்லேஸ்வரத்தை ஒட்டி, பழைய பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்கள் வேரூன்றிய இந்தப் பகுதியின் குறுகலான தெருக்களில் இன்றும் தமிழ் கேட்கும். 2014இல் மெட்ரோ ரயில் வந்தது. அதற்கும் இந்தப் பேட்டையின் பெயரிலேயே ஒரு நிலையம். கீழே தெருவில் வேகத்தடை, பள்ளம், மறுபடியும் வேகத்தடை. மூன்று பேரைச் சுமந்துபோகும் ஸ்கூட்டரின் பின்பக்க ஷாக் படும் பாட்டைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டால் தெரியும்.

அதே ஷாக்தான் பந்தயத் தடத்தில் வேறு அவதாரம் எடுக்கிறது. அங்கே அதன் வேலை முதுகைக் காப்பாற்றுவது மட்டுமல்ல. சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைப்பதுதான் தலையாய வேலை. தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை, எஞ்சினின் இழுவையும் இல்லை.

மண் பந்தயத்துக்கும் பெங்களூருக்கும் உறவு புதிதல்ல. 2015இல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ் இந்த ஊர்க்காரர். 2019இல் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவில் பட்டம் வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸேயும் இந்த ஊர்தான். கோலார் பக்கம் சந்தோஷ் அமைத்த மண் தடத்தில் பயிற்சி பெறலாம். இவர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இரண்டு சக்கர மோட்டோகிராஸ் பைக்கிலும், நான்கு சக்கரமும் ஹாண்டில்பாரும் கொண்ட ஏ.டி.வி.யிலும் ஏற ஆசைப்படுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

பெரியவரின் சட்டை

தொழிற்சாலையிலிருந்து வரும் பெரிய ரக வண்டியின் ஸ்பிரிங், சராசரி எடையுள்ள ஒரு பெரியவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் 40 கிலோ பையன் உட்கார்ந்தால், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட கதைதான். ஸ்பிரிங் அமுங்குவதில்லை. சிறிய கல் பட்டாலும் வண்டி எகிறுகிறது. பையன் பயந்து பின்னால் சாய்கிறான். முன்சக்கரங்கள் இன்னும் லேசாகின்றன. வண்டி திரும்ப மறுக்கிறது. தடத்தின் ஓரத்தில் நிற்கும் அப்பா சொல்கிறார்: "இவனோட ஸ்டைலே அப்படித்தான், பின்னாடி சாய்ஞ்சுதான் ஓட்டுவான்."

அது ஸ்டைல் அல்ல, தற்காப்பு. சிறுவர்களுக்கு சஸ்பென்ஷன் அமைப்பதில் முதல் பாடம் இதுதான். முதலில் எடைக்கு அமைக்க வேண்டும். அதன் பிறகுதான் பாணியைப் பார்க்க வேண்டும். தவறான ஸ்பிரிங்கில் ஓட்டும் பையனுக்கு உண்மையான பாணி என்னவென்று யாருக்குமே தெரியாது, அவனுக்கும் சேர்த்து.

அளவு நாடா போதும்

எடைக்கு அமைக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஓர் அளவு நாடாவும், உடன் இரண்டு பேரும் போதும். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி சக்கரம் தொங்கும்படி செய்து, அச்சிலிருந்து நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி அதே இடத்தை அளக்க வேண்டும். மூன்றாவதாக, ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் அணிந்து பையன் ஏறிய பிறகு அளக்க வேண்டும். தொங்கும்போது இருந்த அளவிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். வண்டி தன் எடையால் எவ்வளவு அமுங்குகிறது என்பது ஒன்று; பையனோடு சேர்ந்து எவ்வளவு அமுங்குகிறது என்பது மற்றொன்று. மெக்கானிக்குகள் இந்த அமுங்கலை 'ஸேக்' என்பார்கள்.

பந்தய வண்டிக்குப் பொதுவான விதி: ஆள் ஏறியதும் சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க அந்தப் பங்கு வேண்டும். மேடு வந்தால் மேலே ஏற மீதி இரண்டு பங்கு.

ஓர் உதாரணக் கணக்கு. பின்சக்கரத்தின் மொத்த அசைவு 240 மில்லிமீட்டர். ஆள் ஏறினால் 80 அமுங்க வேண்டும். 80 கிலோ பெரியவர் ஏறும்போது அது சரியாக இருக்கிறது: வண்டி தானாக 30, அவர் எடையால் 50. இப்போது 40 கிலோ பையன் ஏறுகிறான். அவன் எடைக்கு 25தான் அமுங்கும். மொத்தம் 55. ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள வளையத்தைத் தளர்த்தினால், அதாவது பிரீலோடைக் குறைத்தால், 80க்குக் கொண்டுவந்துவிடலாம். பலர் இங்கேயே திருப்திப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். வண்டி இப்போது ஆள் இல்லாமலேயே 55 அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. உயரம் சரியாகிவிட்டது, ஸ்பிரிங்கின் கடினம் அப்படியேதான் இருக்கிறது. வளையத்தைத் திருகுவதால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகாது, இருக்கும் இடம்தான் மாறும். இந்தப் பையனுக்கு வேண்டியது இன்னும் மிருதுவான வேறு ஸ்பிரிங். இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஆள் ஏறினால் அமுங்கல் சரி, ஆனால் ஆள் இல்லாதபோது வண்டி அமுங்கவே இல்லை என்றால் பலர் 'ஸ்பிரிங் கடினம்' என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த ஸ்பிரிங் மிருதுவானது. அதை இறுக்கி இறுக்கித்தான் உயரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

'கல்லு மாதிரி இருக்குண்ணா'

ஸ்பிரிங் சுமையைத் தாங்கும். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் வேகத்தைக் கட்டுப்படுத்தும். அமுங்கும் வேகத்தைத் தடுப்பது கம்ப்ரஷன். திரும்ப எழும் வேகத்தைத் தடுப்பது ரீபவுண்ட். விலை கூடிய ஷாக்குகளில் இரண்டுக்கும் தனித்தனித் திருகு உண்டு. ஒவ்வொரு 'கிளிக்'காகத் திருப்பலாம். சிறுவர் வண்டிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. எண்ணெயின் கனத்தை மாற்றியோ, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டத் தகடுகளை மாற்றியோதான் சரிசெய்ய வேண்டும்.

பட்டறை வாசலில் நடக்கக்கூடிய பேச்சு இது:

"என்னடா தம்பி, எப்படி ஓடுது?"

"கல்லு மாதிரி இருக்குண்ணா. கை வலிக்குது."

"மொதல் மேட்டுலயேவா, போகப் போகவா?"

"மொத ரெண்டு மேடு பரவால்லண்ணா. அப்புறம்தான்."

அந்த இரண்டாவது கேள்விதான் அனுபவம். முதல் மேட்டிலேயே கடினமாக இருந்தால் ஸ்பிரிங்கையோ கம்ப்ரஷனையோ சந்தேகிக்கலாம். தொடர் மேடுகளில் போகப் போகக் கடினமானால் வியாதி வேறு. ரீபவுண்ட் மிக மெதுவாக இருப்பதால், ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் முழுதாக எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. மூன்றாவது, நான்காவது மேட்டில் அசைய இடமே இல்லாமல் ஷாக் இறுகிப்போகிறது. இதைக் கவனிக்காமல் கம்ப்ரஷனைத் தளர்த்தினால் ஷாக் இன்னும் சீக்கிரம் அடியில் போய் முட்டும். தலைவலிக்குக் காலில் மருந்து தடவிய கதை.

சிறுவர் வண்டிகளில் இந்த வியாதி வரக் காரணமும் இருக்கிறது. பையனுக்காக மிருதுவான ஸ்பிரிங் போடுகிறார்கள், எண்ணெயைத் தொடுவதில்லை. பலம் குறைந்த ஸ்பிரிங், கனத்த ஸ்பிரிங்குக்காக அமைத்த தடையைத் தள்ளிக்கொண்டு எழ வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றினால் ரீபவுண்டையும் தளர்த்தியாக வேண்டும். அளவு மீறித் தளர்த்தினாலும் ஆபத்து: வண்டி கழுதை உதைப்பதுபோல் பின்பக்கத்தைத் தூக்கி எறியும்.

இனி, பாணி

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாணிக்கு வேலை. சில பிள்ளைகள் உட்கார்ந்தே ஓட்டி, திருப்பம் முடிவதற்குள் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவார்கள். பின்பக்கம் தாழும், முன்பக்கம் லேசாகும், வண்டி திருப்பத்துக்கு வெளியே ஓடும். பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகவும் முன்பக்கம் கொஞ்சம் மிருதுவாகவும் அமைத்தால் உதவும். சிலர் கடைசி நொடி வரை பிரேக் பிடிக்காமல் வந்து ஒரேயடியாக அழுத்துவார்கள். முன்பக்கம் மூக்கு குத்தும். அவர்களுக்கு முன் ஷாக்கில் கம்ப்ரஷனைக் கூட்ட வேண்டும். தாவுவதில் மோகம் கொண்டவர்களின் வண்டி இறங்கும்போது அடி முட்டும். அதற்காக முழு ஸ்பிரிங்கையும் கடினமாக்கினால் மற்ற இடங்களில் கை ஒடியும். அசைவின் கடைசிப் பகுதியில் மட்டும் தடை கூடும்படி அமைப்பதே வழி. வழுக்கிக்கொண்டு போவதுபோல் சீராக ஓட்டும் பிள்ளைக்கு எல்லாமே ஒரு படி மிருதுவாக இருக்கலாம். இவர்கள்தான் மெக்கானிக்குகளுக்குச் செல்லப்பிள்ளைகள்.

ஏ.டி.வி.க்கு இரண்டு சங்கதிகள் கூடுதல். முன்பக்கம் இரண்டு ஷாக்குகள் என்பதால் இடமும் வலமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். இந்தக் கொழுத்த டயர்களுக்குக் காற்று மிகக் குறைவு, ஒற்றை இலக்க பவுண்டுகளில்தான். ஒரு பவுண்டு கூடினாலும் குறைந்தாலும் வண்டியின் குணம் மாறும். பெட்ரோல் பங்க்கில் லாரிக்கும் காருக்கும் காற்றடிக்கும் மீட்டர் இதற்கு ஆகாது. குறைந்த அழுத்தத்தைக் காட்டும் தனி மீட்டர் வேண்டும். டயரில் காற்று மாறியிருப்பதைக் கவனிக்காமல் நாள் முழுக்க ஷாக்கைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அமைப்பதில் ஒழுங்கும் முக்கியம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். பிறகு இரண்டு மூன்று சுற்று. பையன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டு திருகுகளை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெய்வத்துக்கே வெளிச்சம்.

ஒரே எஞ்சின், வேறு விதி

சஸ்பென்ஷனின் மதிப்பு தெரிய வேண்டுமானால் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரைப் பார்க்கலாம். 2007இல் அங்கே தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியில் பொறியியல் மாணவர்கள் தாங்களே ஏ.டி.வி. வடிவமைத்து, பற்றவைத்து, ஓட்டிக் காட்டினார்கள். அமெரிக்காவில் தெற்குக் கரோலைனா பல்கலைக்கழகத்தில் 1976இல் பிறந்த போட்டியின் இந்திய வாரிசு இது. பெட்ரோல் பிரிவில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி 10 குதிரைசக்தி எஞ்சின். எஞ்சினில் யாரும் யாரையும் மிஞ்ச முடியாது. மணிக்கணக்கில் நீளும் தாக்குப்பிடிக்கும் பந்தயத்தில் வண்டியை உடையாமல் கொண்டுவந்து சேர்ப்பதில் சஸ்பென்ஷனுக்குப் பெரும் பங்கு. சஸ்பென்ஷன் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த மாணவர்களின் நோட்டுப் புத்தகங்கள் நல்ல பதில்.

ஸ்பிரிங் தீர்க்காதது

எல்லாவற்றையும் ஷாக் சரிசெய்துவிடாது. இரண்டு சக்கர பைக் திருப்பத்தில் சாயும். ஏ.டி.வி. சாயாது. ஓட்டுபவர்தான் உடலை உள்பக்கம் தள்ளிச் சமன்செய்ய வேண்டும். பந்தய ரகப் பெரிய ஏ.டி.வி.யின் எடை மிக அதிகம். 40 கிலோ பையன் எவ்வளவு தொங்கினாலும் அதை அடக்கப் போதாது. வண்டி கவிழ்ந்தால் அந்த எடை அவன் மேல்தான் விழும். அமெரிக்கா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. விபத்துகள் பெருகியதால் 1988இல் அரசுடன் செய்த உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் மூன்று சக்கர ஏ.டி.வி. விற்பனையை நிறுத்தினார்கள். 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அல்ல என்ற எச்சரிக்கையும் வந்தது. மிருதுவான ஸ்பிரிங் போட்டு இந்த விதியை ஏமாற்ற முடியாது.

ஆபத்து தொலைதேசத்துச் செய்தியும் அல்ல. 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை தார்த் தடத்தில், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின்போது பெங்களூர் சிறுவன் ஷ்ரேயஸ் ஹரீஷ் விழுந்து தலையில் அடிபட்டு உயிரிழந்தார். வயது 13. அந்த விபத்தையும் சஸ்பென்ஷனையும் முடிச்சுப்போடக் கூடாது. ஆனால் பிள்ளையைத் தடத்தில் இறக்கும் எந்தப் பெற்றோரும் அந்த வயதை மறக்கவும் கூடாது. வயதுக்கேற்ற வண்டி, முறையான கவசம், பயிற்சியாளர், மருத்துவ வசதியுள்ள தடம் — இவை முதலில். ஷாக்கின் திருகு அதற்கப்புறம்.

இன்னொன்றையும் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை வளர்கிறான். பொங்கலுக்கு அமைத்த ஸ்பிரிங் ஆயுத பூஜைக்குள் பொருந்தாமல் போகலாம். பையன் உயரும்போது எடை கூடும், பலம் கூடும், உட்காரும் நிலை மாறும். பயம் போய் துணிச்சல் வரும்போது பாணியும் மாறும். சில மாதங்களுக்கு ஒருமுறை அளவு நாடாவை எடுப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. பள்ளிச் சீருடைக்கு ஒவ்வொரு ஜூனிலும் அளவெடுக்கிற குடும்பங்களுக்கு இது தெரியாததல்ல.

கோப்பை வாங்கிய நாளில் எல்லோரும் எஞ்சினைப் பற்றியும் பையனின் துணிச்சலைப் பற்றியும் பேசுவார்கள். ஷாக்கைப் பற்றிப் பேச்சே வராது. பேச்சு வரவில்லை என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம்.