வீட்டை விற்க ஒரு மரம்



அமெரிக்க நாட்டில் சொந்த வீட்டை விற்க நினைப்பவர் சுவருக்கு வண்ணம் பூசுவதோடு நின்றுவிட மாட்டார். வீட்டு முற்றத்தையும் சீர்செய்வார். அங்கே பல ஊர்களில் வீட்டின் முன்னால் உயர்ந்த மதில் எழுப்புவதில்லை. திறந்த புல்தரையாக விட்டுவிடுகிறார்கள். ஆகவே வீடு பார்க்க வருபவரின் கண்ணில் முதலில் படுவது அந்தப் புல்தரையும் அதிலுள்ள மரஞ்செடிகளுமே.

அங்கே எந்த மரத்தை நடலாம்? அது விரைவாக வளர வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும். அழகாகப் பூக்க வேண்டும். பூச்சியும் நோயும் அண்டக் கூடாது. பழம் உதிர்ந்து தரையைப் பாழாக்கவும் கூடாது. இந்த ஐந்து குணங்களும் ஒரே மரத்தில் அமையுமா என்று கேட்பீர்கள். அமைந்தன! ‘பிராட்ஃபோர்டு பேரி’ என்பது அதன் பெயர். அதன் கதையை இங்கே காண்போம்.

சீனத்திலிருந்து வந்த விதை

நாம் உண்ணும் பேரிக்காய் மரத்தைத் ‘தீக்கருகல்’ என்னும் பாக்டீரியா நோய் தாக்குவதுண்டு. தாக்கப்பட்ட கிளைகள் நெருப்பில் வாட்டியவை போலக் கருகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேரித் தோட்டங்கள் இந்நோயால் பெரிதும் நலிந்தன. சீனத்தில் வளரும் ‘காலரி பேரி’ என்னும் காட்டு இனம் இந்நோயைத் தாங்கி நிற்பது தெரியவந்தது. ஆகவே அமெரிக்க வேளாண்மைத் துறை தன் தாவர ஆய்வாளரான ஃபிராங்க் மேயர் மூலம் சீனத்தில் அதன் விதைகளைத் திரட்டியது. மேயர் 1918-ல் யாங்சி ஆற்றில் மூழ்கி இறந்தார்.

சீனத்து விதையில் முளைத்த மரங்களில் ஒன்று மேரிலாந்து மாநிலத்தின் கிளென் டேல் ஆய்வு நிலையத்தில் வளர்ந்தது. காட்டுப் பேரிக்கு முள் உண்டு. இதற்கு முள் இல்லை. இளவேனிலில் இலை துளிர்க்கும் முன்பே மரம் முழுதும் வெண்மலர் பூத்தது. இலையுதிர் காலத்தில் இலைகள் செந்நிறமாயின. அந்நிலையத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்டின் பெயரைச் சூட்டி, 1963-ல் இம்மரத்தை மக்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். வீடு கட்டி விற்போரும், பழைய வீட்டை விற்போரும் இதையே விரும்பி நட்டார்கள்.

பழம் ஏன் காய்க்கவில்லை?

ஒட்டு மாங்கன்று உங்களுக்குத் தெரியும். நல்ல மாமரத்தின் குச்சியை வேறொரு கன்றின் மேல் ஒட்டி வளர்ப்பார்கள். மேலே வளரும் பகுதி தாய்மரத்தை அப்படியே ஒத்திருக்கும். பிராட்ஃபோர்டு பேரியும் இவ்விதமே பெருக்கப்பட்டது. எனவே இலட்சக்கணக்கான மரங்கள் இருந்தாலும் அவற்றின் ஜீன்கள் ஒன்றே.

பேரி இனத்தில் ஒரு விந்தை உண்டு. தன் மகரந்தத்தையும், தன்னை ஒத்த ஜீன் கொண்ட மரத்தின் மகரந்தத்தையும் பூவின் சூலகம் அடையாளம் கண்டு தடுத்துவிடும். மகரந்தக் குழல் சூலை எட்டுவதில்லை. ஒரு பிராட்ஃபோர்டின் மகரந்தம் இன்னொரு பிராட்ஃபோர்டுக்குப் பயன்படாமல் போனது இதனால்தான். அடுத்தடுத்து நூறு மரங்கள் நின்றாலும் காய் பிடிக்கவில்லை. ‘இது மலட்டு மரம்’ என்று பலரும் எண்ணிவிட்டார்கள். அந்த எண்ணம் தவறு.

கவை பிளந்தது

சுமார் பதினைந்து, இருபது ஆண்டுகளில் முதல் குறை வெளிப்பட்டது. காற்றடித்தாலும், பனிக்கட்டி படிந்தாலும் மரம் நடுவே பிளந்து விழுந்தது. காரணம் என்ன? இம்மரத்தின் கிளைகள் ஒரே இடத்திலிருந்து நெருக்கமாகக் கிளம்பி, ஏறக்குறைய செங்குத்தாக வளர்கின்றன. அதனால் கவை மிகவும் இடுக்காக அமைகிறது. கிளைகள் பருக்கும்போது அவற்றின் பட்டை இடுக்கில் சிக்கிக்கொள்கிறது. கட்டையோடு கட்டை பின்னிப் பிணைய வேண்டிய இடத்தில் உயிரற்ற பட்டை நின்றால் பிடிப்பு ஏது? அகன்ற கவையில் இந்தத் தொல்லை இல்லை.

இக்குறையைப் போக்க, உறுதியான கிளையமைப்புள்ள வேறு காலரி பேரி வகைகளைத் தேர்ந்தெடுத்து விற்றார்கள். ‘அரிஸ்டோக்ராட்’, ‘கிளீவ்லேண்டு செலக்ட்’ என்பன அவற்றுள் சில. இங்கேதான் இரண்டாவது குறை பிறந்தது. புதிய வகைகளின் ஜீன்கள் வேறு. ஒரு வீட்டில் பிராட்ஃபோர்டும் அடுத்த வீட்டில் அரிஸ்டோக்ராட்டும் நின்றால், தேனீக்கள் மகரந்தத்தை மாற்றிச் சுமந்தன. இரண்டு மரங்களும் காய்த்தன! ஒட்டுக்கு அடியிலுள்ள வேர்ப்பகுதி துளிர்விட்டுப் பூத்தாலும் இதே விளைவுதான்.

கோலிக்குண்டு அளவுள்ள அப்பழங்கள் உறைபனியில் மென்மையாகின்றன. பறவைகள் அவற்றைத் தின்று வயல்வெளியிலும் காட்டோரத்திலும் விதைகளை எச்சமிடுகின்றன. அவ்விதைகளில் முளைத்த பல மரங்களுக்கு மூதாதையரின் முள் திரும்பிவிட்டது. டிராக்டர் டயரையே குத்திவிடக்கூடிய முள்! அவை புதராக அடர்ந்து, நிழலால் அந்நாட்டுச் செடிகளை நசுக்குகின்றன. முற்றத்தில் நட்டவர் வீட்டை விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டார். புதரை வெட்டும் செலவு மட்டும் எங்கோ உள்ள விவசாயியின் தலையில் விழுந்தது.

ஒஹையோ மாநிலம் 2023 ஜனவரி முதல் காலரி பேரி விற்பனையைத் தடை செய்தது. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் 2024-ல் அவ்வழியே சென்றன. இம்மரத்தை வெட்டுவோருக்கு உள்நாட்டு மரக்கன்று ஒன்றை இலவசமாகத் தரும் திட்டங்களும் சில மாநிலங்களில் உண்டு.

அப்படியானால் எதை நடுவது?

வீட்டை விற்பவருக்கு உடனடி அழகுதான் தேவை என்றால் மரம் வேண்டியதில்லை. செண்டுப்பூ, பெட்டூனியா போன்ற செடிகள் சில வாரங்களிலேயே பூத்துக் குலுங்கும். ஒரு பருவத்தோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். மரமே வேண்டுமென்றால் கிழக்கு அமெரிக்காவுக்கே உரிய மரங்கள் இருக்கின்றன. ‘செர்வீஸ்பெர்ரி’ வெண்ணிறமாகப் பூத்து, உண்ணத்தக்க பழம் தருகிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘ரெட்பட்’ கிளைகளில் மட்டுமன்றி அடிமரத்திலும் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. ‘டாக்வுட்’ மரமும் அழகுக்குப் பெயர் பெற்றது. இவை அங்குள்ள பூச்சிகளோடும் பறவைகளோடும் நெடுங்காலமாகப் பழகியவை.

கன்றை வாங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இருபது ஆண்டில் இது எவ்வளவு உயரமும் அகலமும் ஆகும்? கிளைகள் அகன்ற கவையோடு வளருமா? இதன் விதை எங்கே போகும்? இவ்வூரின் உயிர்களுக்கு இது உணவு தருமா? பிராட்ஃபோர்டு பேரியை ஆய்ந்தவர்கள் பூவையும் நோய் எதிர்ப்பையும் நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் வேறு வகை மரம் அருகில் வந்தால் என்ன ஆகும் என்பதைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

நாளை பள்ளிக்குச் செல்லும்போது வழியிலுள்ள மரங்களின் கவைகளைக் கவனியுங்கள். எது அகன்றது, எது இடுக்கானது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பெருங்காற்றுக்குப் பின் அதே மரங்களை மீண்டும் போய்ப் பாருங்கள்.