ஜப்பானியப் பள்ளி மொழிப்பாட நூல்களின் புதுக்கம்

பாடநூலைப் புதுப்பித்தல் என்றவுடன் புதிதாக எவற்றைச் சேர்ப்பது என்பதே நம் நினைவில் எழுகிறது. குழுக்கள் கூடுவதும், வல்லுநர்கள் கருத்துரைப்பதும் அதனைப் பற்றியே. எவற்றை நீக்குவது என்னும் வினா பெரும்பாலும் ஓசையின்றி முடிந்துவிடுகிறது. ஆயினும் ஒரு மொழிப்பாட நூலின் இயல்பையும், அதனை ஆக்கியோரின் மனப்பாங்கையும் காட்டவல்லது நீக்கமே என்று நாம் கருதுகிறோம். இக்கருத்துக்குச் சான்றாக ஜப்பான் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 'கொகுகோ' எனும் பெயரில் கற்பிக்கப்பெறும் ஜப்பானிய மொழிப்பாட நூல்களின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். கொகுகோ என்பதற்கு நாட்டுமொழி என்பது பொருள்.

1872-ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் பள்ளிகளை நிறுவும் ஆணை பிறந்தபோது, சிறுவர் கையில் கொடுக்கத் தக்க வாசிப்பு நூல் ஜப்பானில் இல்லை. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'ஷோகாகு தொகுஹோன்' எனும் நூல், வில்சன் என்பார் அமெரிக்கச் சிறுவர்களுக்காகத் தொகுத்த வாசிப்பு நூலைத் தழுவியது. எனவே ஜப்பானியச் சிறுவர் தம் தாய்மொழியைப் பிறநாட்டுச் சூழலின் வழியே கற்கத் தொடங்கினர். பின்னர்த் தனியார் பதிப்பாளர் நூல்களை வெளியிட, அரசு ஆய்ந்து ஒப்புதல் அளிக்கும் முறை வந்தது. தம் நூல்களை ஏற்கச் செய்வதற்குப் பதிப்பாளர் கையூட்டு வழங்கியமை 1902-இல் வெளிப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். இதனைக் காரணமாகக் கொண்டு அரசே நூலெழுதும் பொறுப்பை ஏற்றது. 1904 முதல் நாடெங்கும் ஒரே மொழிப்பாட நூல் நடைமுறைக்கு வந்தது.

அம்முதல் அரசு நூலின் தொடக்கம் மொழியாசிரியர்கள் அறிந்து மகிழத்தக்கது. முதற்கண் கற்பிக்கப்பெற்றவை இ, எ, சு, ஷி எனும் நான்கு எழுத்துகள். நாற்காலி, மரக்கிளை, சிட்டுக்குருவி, கல் ஆகியவற்றின் படங்கள் உடன் இருந்தன. ஏன் இந்நான்கு? வடகிழக்குப் பகுதியினர் இகரத்தையும் எகரத்தையும் வேறுபாடின்றி ஒலிப்பர். சு, ஷி இரண்டையும் மயங்கச் சொல்வர். அம்மயக்கத்தை முதல் நாளிலேயே களைந்து, நாடு முழுமைக்கும் ஒரே ஒலிப்பைக் கொணர்வதே நூலாக்கியோர் நோக்கம். எழுத்தறிவித்தலினும் வட்டார வழக்கை ஒடுக்குதல் முந்தி நின்றது எனலாம்.

1910, 1918, 1933, 1941 ஆகிய ஆண்டுகளில் இவ்வரிசை அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பெற்றது. இவற்றுள் 1933-ஆம் ஆண்டுப் பதிப்பு தனித்து நோக்கத்தக்கது. தனிச்சொற்களை அடுக்கிக் கற்பித்த பழைய முறையைக் கைவிட்டு, முதற்பக்கத்திலிருந்தே முழுத்தொடர்களை அது கொடுத்தது. படங்கள் வண்ணம் பெற்றன. செர்ரி மலர்கள் பூத்த காட்சியுடன் தொடங்கியமையின் அது 'சாகுரா வாசகம்' என்றே பெயர் பெற்றது. சந்தமும் இனிமையும் உடைய அந்நூலில் சில பக்கங்களைப் புரட்டியதும், அதே சந்தத்தில் படைவீரர் அணிவகுத்து முன்னேறுகின்றனர். கற்பித்தல் முறையளவில் இது முந்தைய நூல்களை விஞ்சியது என்பதில் ஐயமில்லை. இடர்ப்பாடும் அதுவே. நன்கு அமைந்த நூல், தான் சுமந்துவருவது எதுவாயினும் அதனைப் பிள்ளையின் நெஞ்சில் ஆழமாகவே பதிக்கும். 1941-ஆம் ஆண்டுப் பதிப்பில் போர் மணம் மேலும் மிகுந்தது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் கல்வி அமைச்சகம் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. போரையும் படையையும் போற்றும் பகுதிகளைப் பாடநூல்களிலிருந்து நீக்குக என்பது அதன் சாரம். புதுநூல் அச்சிடத் தாளில்லை, காலமும் இல்லை. ஆதலால் பழைய நூலையே மாணவர் தம் கையாலேயே திருத்த நேர்ந்தது. ஆசிரியர் பக்க எண்ணையும் வரி எண்ணையும் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் மைக்கட்டியை நீரில் உரைத்துத் தூரிகையால் அவ்வரிகளின்மேல் பூசினர். மை நீர்த்திருப்பின் எழுத்துகள் வெளிச்சத்தில் தெரியும். அவற்றுக்கு மீண்டும் பூச்சு. சில பள்ளிகளில் பக்கங்களைப் பசையிட்டு ஒட்டினர். வேறு சிலவற்றில் வெட்டியெடுத்தனர். செப்டம்பர் அறிக்கை எடுத்துக்காட்டுகளை மட்டுமே சுட்டியமையின், எவ்வளவு பூசுவது என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டது. 1946 சனவரியில்தான் விரிவான பட்டியல் வந்தது. இந்நூல்களை இன்றும் 'சுமிநூரி', அதாவது மை பூசிய பாடநூல்கள் என்றே ஜப்பானியர் குறிப்பிடுகின்றனர்.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நூலைத் தலைக்குமேல் உயர்த்தி வணங்கிய பின்னரே திறக்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அப்பாடங்களை மனப்பாடம் செய்வித்த அதே ஆசிரியர், ஒரு விடுமுறை கழிந்ததும் அவற்றை அழிக்கச் சொல்கிறார். நீக்கப்பட்டவை நீக்கத்தக்கனவே, அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஏன் நீக்குகிறோம் என்பதைப் பல வகுப்பறைகளில் எவரும் சொல்லவில்லை. வரி எண் மட்டுமே சொல்லப்பட்டது. அச்சில் உள்ளதையும் ஆசிரியர் சொல்லையும் அன்று முதல் நம்ப இயலாது போயிற்று என அத்தலைமுறையினர் பலர் பிற்காலத்தில் எழுதியுள்ளனர்.

1946-இல் இடைக்கால நூல்கள் வந்தன. நூல்கள் என்பதும் மிகை. செய்தித்தாள் போன்ற பெருந்தாள்களாக வந்தவற்றை மாணவரே மடித்து, வெட்டி, தைத்துக்கொண்டனர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் வந்த அமெரிக்கக் கல்விக்குழு, ஜப்பானிய எழுத்துகளை விடுத்து ரோமன் எழுத்தை ஏற்கலாம் எனப் பரிந்துரைத்தது. 1948-இல் ஏறத்தாழ 17,000 பேரிடம் நடத்தப்பெற்ற எழுத்தறிவு ஆய்வில், எழுத்தறியாதார் நூற்றுக்கு இருவர் அளவினரே எனத் தெரிந்தது. எழுத்தை மாற்றும் பேச்சு அத்துடன் வலிவிழந்தது.

எழுத்து மாறவில்லையே தவிர, எழுத்துமுறை மாறியது. 1946 நவம்பர் 16-இல் அன்றாடப் பயன்பாட்டுக்குரிய சீன எழுத்துகள், அதாவது காஞ்சிகள், 1,850 என வரையறுக்கப்பெற்றன. அதே நாளில் ஒலியெழுத்தாகிய 'கானா'வின் எழுத்துக்கூட்டலும் திருத்தப்பெற்றது. வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்லை 'தெ-ஃபு-தெ-ஃபு' என எழுதி 'ச்சோ-ச்சோ' என வாசித்து வந்தனர். பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஒலிப்பு எழுத்தில் மட்டும் எஞ்சிநின்றது. இனி ஒலிக்கும்வண்ணமே எழுதுக என்றாயிற்று. 1947-இல் வெளிவந்த புதுநூல் இம்முறையைப் பின்பற்றியது. அதுவரை முதலில் கற்பிக்கப்பெற்ற கோணல்மாணலான கடகானாவை விடுத்து, வளைவுகள் மிக்க ஹிரகானாவிலிருந்து தொடங்கியது. பிள்ளைகளின் சுமை குறைந்தது உண்மை. தம் தாத்தாவின் மடல்களை எளிதில் வாசிக்க இயலாத பேரப்பிள்ளைகள் உருவாகியதும் உண்மை.

அரசே நூலெழுதும் முறை அவ்வாண்டின் பள்ளிக் கல்விச் சட்டத்தால் முடிவுக்கு வந்து, தனியார் பதிப்பாளர் ஆக்க, அமைச்சகம் ஆய்ந்து ஒப்பும் முறை மீண்டது. நூல் எழுதப்பெற ஓராண்டு, ஆய்வுக்கு ஓராண்டு, எந்நூலைக் கொள்வது எனக் கல்விக் குழுக்கள் தேர்வதற்கு ஓராண்டு எனச் சென்று, நான்காம் ஆண்டில் மாணவர் கையை அடைகிறது. ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை இச்சுழற்சி நிகழும். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிக் கட்டாயக் கல்வி பெறும் மாணவர்க்கெல்லாம் நூல்கள் விலையின்றி வழங்கப்பெறலாயின.

சுழற்சிதோறும் எண்ணிக்கையும் நகர்கிறது. தொடக்கப்பள்ளிக்குரிய காஞ்சிகள் 1948-இல் 881; பின்னர் 996; 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 1,006; 2020 முதல் 1,026. இறுதியாகச் சேர்ந்த இருபதும் மாவட்டங்களின் பெயர்களை எழுதுவதற்கானவை. கிஃபு மாவட்டத்தின் பெயரில் வரும் ஓர் எழுத்து, அப்பெயரில் அன்றி வேறெங்கும் அரிதாகவே வரும். மொழித் தேவையினும் சமூகவியல் பாடத்தின் தேவையே இங்கு முன்நின்றது. பெரியோர்க்குரிய பொதுப்பட்டியலிலும் 2010-இல் 196 எழுத்துகள் சேர்ந்தன; ஐந்து நீங்கின. மனச்சோர்வைக் குறிக்கும் 29 கோடுகள் கொண்ட எழுத்தும் சேர்ந்தவற்றுள் ஒன்று. கையால் எழுத வராவிடினும் கணிப்பொறி எழுதித் தரும் என்பதே துணிவு.

எனினும், நீக்கத்துக்கு உட்படாமல் நிலைத்த பாடங்களும் உள. நீமி நான்கிச்சி எழுதி, 1932-இல் 'அகாய் தோரி' எனும் சிறுவர் இதழில் வெளிவந்த 'கோன் எனும் நரி' என்ற கதை 1956-இல் முதன்முதலாகப் பாடநூலில் இடம்பெற்றது. 1980 முதல் நான்காம் வகுப்புக்கு நூல் வெளியிடும் எல்லாப் பதிப்பாளரும் அதனைச் சேர்த்துவருகின்றனர். உழவன் ஒருவன் பிடித்த மீன்களை நரி குறும்புக்காகத் தப்பவிடுகிறது. அவன் தாய் இறந்தபின் தன் செயலுக்கு வருந்தி, கொட்டைகளையும் காளான்களையும் எவரும் அறியாமல் அவன் இல்லத்தில் வைத்துவருகிறது. திருட வந்ததென எண்ணி அவன் அதனைச் சுட்டுவிடுகிறான். பிறகுதான் கொட்டைகளைக் காண்கிறான். எழுதிய ஆசிரியர் இருபத்தொன்பது வயதில், 1943-இல் மறைந்தார். கதையில் வரும் மீன்கூடை, திரித்துப்பாக்கி முதலியவற்றை இன்றைய நகரச் சிறுவன் கண்டதில்லை. ஆயினும் புழக்கத்தில் இல்லாத பொருள்கள் என்று கதையை நீக்காமல், அடிக்குறிப்பும் படமும் சேர்த்துக் காத்துவருகின்றனர். இது நமக்கு மிகவும் உவப்பாக உள்ளது. படைவீரர் அணிவகுத்த நூல்வரிசையில், குண்டுவீச்சில் குடும்பத்தை இழந்து மடியும் சிறுமியின் கதையாகிய 'சீ-சானின் நிழல்விளையாட்டு' மூன்றாம் வகுப்பில் நெடுங்காலமாக இடம்பெற்று வருவதும் குறிப்பிடத்தக்கது.

2019 ஏப்ரல் முதல் மின்னணுப் பாடநூல்களைப் பயன்படுத்தச் சட்டம் இடந்தந்தது. மேனிலைப் பள்ளியில் நேர்ந்த மாற்றமோ இதனினும் கூர்மையானது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், முதலாண்டு மொழிப்பாடத்தை நடைமுறை உரைநடை, இலக்கியப் பண்பாடு என இரண்டாகப் பிரித்தது. முதற்பிரிவில் புனைகதைக்கு இடமில்லை என்பதே அமைச்சகத்தின் கருத்தாக இருந்தது. எழுத்தாளரும் ஆசிரியரும் கவலை தெரிவித்தனர். ஒரு பதிப்பாளர் மட்டும், 1915-இல் வெளிவந்த அகுதகவாவின் 'ராஷோமோன்' உட்பட ஐந்து கதைகளை அம்முதற்பிரிவு நூலிலேயே சேர்த்து ஒப்புதலும் பெற்றார். நூல்களைத் தேரும் காலம் வந்தபோது அப்பாடத்துக்கு நாட்டிலேயே மிகுதியான பள்ளிகள் ஏற்றது அந்நூலைத்தான்.